மருந்துக்கு முன் ரத்தம்: மாட்டுக்கு ரத்த மாதிரி எடுக்கும்போது விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் பல வீடுகளில் இன்று இரண்டு வருமானம். வீட்டில் ஒருவர் சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு மூன்று கறவை மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைய பால் பணம் போகிறது. மாடே போய்விட்டால் வாங்கிய கடன் மட்டும் நிற்கிறது.

மாடு தீவனம் எடுக்கவில்லை, உடம்பு கொதிக்கிறது என்றதும் நாம் முதலில் செய்வது, பக்கத்தில் ஊசி போடத் தெரிந்த யாரையாவது கூப்பிடுவது. அவர் ஒரு காய்ச்சல் ஊசியும், கையில் இருக்கும் ஆன்டிபயாடிக் ஊசியும் போடுவார். இரண்டு நாள் பார்ப்போம். மூன்றாம் நாள் மாடு படுத்துவிடும். அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போவோம். அவர் "ரத்தம் எடுத்துப் பார்க்கணும்" என்பார். "ஏற்கெனவே தளர்ந்து போயிருக்கு, இதுல ரத்தம் வேற எடுக்கணுமா?" என்று நாம் தயங்குவோம்.

இந்தத் தயக்கம் தேவையில்லை. உண்மையில், அந்த ரத்தத்தை முதல் ஊசிக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஏன் என்பதையும், ரத்தம் எங்கிருந்து எப்படி எடுக்கப்படுகிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ரத்தம் எடுத்தால் மாடு பலவீனமாகுமா?

ஆகாது. மாட்டின் உடல் எடையில் சுமார் 6 முதல் 8 சதவீதம் ரத்தம். 350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவின் உடலில் 21 முதல் 28 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பரிசோதனைக்கு எடுப்பது 5 முதல் 10 மில்லி. மொத்த ரத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இதனால் பால் குறையாது, சினை கலையாது. அன்று பால் குறைந்தால் அதற்குக் காரணம் காய்ச்சல், அல்லது மாட்டை அடித்து மிரட்டிப் பிடித்தது. ஊசியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஏன் மருந்துக்கு முன்?

நம் மாவட்டத்தில் கலப்பின மாடுகளைப் படுக்க வைக்கும் காய்ச்சல்களில் முக்கியமானவை உண்ணியால் வருபவை. தைலேரியோசிஸ், பபேசியோசிஸ், அனாபிளாஸ்மோசிஸ் என்று மூன்று நோய்கள். மூன்றிலும் காய்ச்சல் வரும், ரத்தம் சுண்டும், பால் வற்றும்.

* தைலேரியோசிஸில் முன்கால் சப்பைக்கு முன்னால் உள்ள நெறி எலுமிச்சை அளவுக்கு வீங்கும்.
* பபேசியோசிஸில் சிறுநீர் காபி நிறத்தில் போகும்.
* அனாபிளாஸ்மோசிஸில் கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சாணம் இறுகும்.

புத்தகத்தில் இப்படிப் பிரித்து எழுதிவிடலாம். கொட்டிலில் நிற்கும் மாட்டில் இந்த அறிகுறிகள் எல்லா நேரமும் தெளிவாகத் தெரியாது. ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தைலேரியோசிஸுக்கு புபர்வாகுவோன், பபேசியோசிஸுக்கு டைமினசீன், அனாபிளாஸ்மோசிஸுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். ஒன்றுக்கு உரிய மருந்து இன்னொன்றைக் குணப்படுத்தும் என்று நம்பி உட்கார முடியாது. தைலேரியோசிஸ் மருந்தின் விலையும் அதிகம்.

எந்த நோய் என்பதை ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும். கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் அந்தக் கிருமி தெரியும். மருந்து போட்ட பிறகு கிருமிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். தகட்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மாடு குணமாகியிருக்காது, ஆனால் பரிசோதனைச் சீட்டில் "இல்லை" என்று வந்துவிடும். அதனால்தான் காய்ச்சல் இருக்கும்போதே, முதல் ஊசிக்கு முன், ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறோம். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால், என்ன மருந்து, எப்போது போட்டது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலி மருந்துப் புட்டியைக் காட்டினால் இன்னும் நல்லது.

"நரம்பு" என்று நாம் சொல்வது எது?

"நரம்புல ஊசி போட்டாங்க" என்று ஊரில் சொல்வோம். அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். நரம்பு என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே உணர்வைக் கடத்துவது. அதில் ரத்தம் ஓடாது. ரத்தக் குழாய்கள் மூன்று வகை.

தமனி: இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய். சுவர் தடிமனாக இருக்கும். உள்ளே அழுத்தம் அதிகம், விரல் வைத்தால் துடிக்கும். வெட்டுப்பட்டால் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீறிட்டு அடிக்கும்.

சிரை: உடலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். சுவர் மெல்லியது, துடிக்காது. ரத்தம் கருஞ்சிவப்பு. பெரும்பாலும் தோலுக்கு அருகில் ஓடும். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது இதிலிருந்துதான்.

நுண்குழாய்: தமனியையும் சிரையையும் இணைக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள். காது நுனியில் குத்தினால் சொட்டாக வருவது இந்த ரத்தம்.

பல சிரைகளுக்குள் கதவு போன்ற வால்வுகள் உண்டு. ரத்தம் இதயத்தை நோக்கி மட்டும் போகும், திரும்பி வராது. கிணற்று மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு மாதிரி. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் மனிதக் கையில் கயிறு கட்டி, புடைத்த சிரையை விரலால் அழுத்திக் காட்டி, ரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதை 1628-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

அதே சோதனையை உங்கள் மாட்டிலேயே பார்க்கலாம். சாதுவான மாட்டின் கழுத்துப் பக்கத்தில், தாடைக்குக் கீழிருந்து மார்பு வரை ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். சற்று நேரத்தில் விரலுக்கு மேலே குழாய் புடைத்து எழும். விரலை எடுத்தால் இறங்கிவிடும். அதுதான் கழுத்துச் சிரை.

தமனியைத் தொட்டுப் பார்க்க வாலைத் தூக்கி, அடிப்பக்கம் நடுவில் விரல் வையுங்கள். துடிப்பு தெரியும். ஓய்வாக நிற்கும் பசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 80 துடிப்பு. மருத்துவரைப் போனில் அழைக்கும்போது இந்த எண்ணிக்கையையும், ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்த சூட்டையும் சொல்லுங்கள். பசுவின் சாதாரண சூடு சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். ஊசி எதுவும் இல்லாமல் நீங்களே தரக்கூடிய முக்கியமான தகவல்கள் இவை.

யார் எடுக்க வேண்டும்?

ரத்தம் எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை, அல்லது அவர் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டமும் பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம் என்கிறது. அதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. கழுத்துச் சிரைக்கு உட்பக்கம் ஆழத்தில் பெரிய தமனி ஓடுகிறது. ஆழமாகத் தவறிக் குத்தினால் தமனி கிழிந்து கழுத்தில் ரத்தம் கட்டும். வீடியோ பார்த்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம்.

எங்கே எடுப்பார்கள்?

கழுத்துச் சிரை: அதிக ரத்தம் தேவைப்படும்போது இங்கே எடுப்பார்கள். கழுத்தின் நடுப்பகுதியில் அல்லது சற்று மேலே ஊசி போடுவார்கள். மாடுகளுக்கு 16 முதல் 18 கேஜ் ஊசி. கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

வால் சிரை: மாடு கூண்டில் நிற்கும்போது எளிதான இடம். வாலை நேராக மேலே தூக்கி, அடிப்பக்க நடுக்கோட்டில், வாலின் அடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் எடுப்பார்கள். மாடு அதிகம் மிரளாது. பக்கத்திலேயே தமனியும் ஓடுவதால் சில நேரம் இரண்டும் கலந்து வரும். பெரும்பாலான பரிசோதனைகளுக்கு அது தடையில்லை.

காது: கண்ணாடித் தகட்டில் தேய்க்க ஒரு சொட்டு போதும் என்றால் காதின் ஓரத்தில் எடுப்பார்கள்.

பால் நரம்பு வேண்டாம்: வயிற்றுக்குக் கீழே மடி வரை பாம்பு போல ஓடும் பெரிய குழாயைப் பார்த்து, "இங்கயே எடுத்துடலாமே" என்று சிலர் சொல்வார்கள். அங்கே குத்தினால் ரத்தம் எளிதில் நிற்காது, கட்டிக்கொள்ளும், சீழ் பிடிக்கலாம். உதையும் விழும். யாராவது அங்கே ஊசியைக் கொண்டுபோனால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆடுகளுக்கு: நம் பகுதியின் மெட்ராஸ் சிவப்பு செம்மறி ஆனாலும் வெள்ளாடு ஆனாலும் கழுத்துச் சிரைதான். 18 முதல் 20 கேஜ் ஊசி. செம்மறிக்கு அந்த இடத்து மயிரை விலக்கிவிட வேண்டும்.

கோழிக்கு: இறக்கையை விரித்தால் உட்பக்கம் நீலமாகத் தெரியும் சிரை. மெல்லிய ஊசி. எடுத்ததும் பஞ்சால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அந்த இடம் கறுத்து வீங்கும்.

உங்கள் வேலை: பிடிப்பது

ரத்தம் எடுப்பது மருத்துவர் கையில் இருந்தாலும், அது ஒரே குத்தில் முடியுமா, ஐந்து குத்தா என்பது மாட்டைப் பிடிப்பவர் கையில் இருக்கிறது.

1. மாட்டுக்குப் பழக்கமானவர் பிடிக்க வேண்டும். அவருக்குப் பகல் ஷிப்ட் என்றால் மருத்துவரிடம் முன்பே நேரம் பேசிக்கொள்ளுங்கள். புது ஆள் பிடித்தால் மாடு மிரளும்.
2. வெயிலுக்கு முன், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவுடன் எடுக்கக் கூடாது. சிறிது நேரம் நிழலில் நிற்கட்டும்.
3. மருந்தகத்தில் இரும்புக் குழாய்க் கூண்டு இருந்தால் அதில் ஏற்றுங்கள். வீட்டில் என்றால் பலமான கம்பத்தில், தலை அசையாதபடி கட்டையாகக் கட்டுங்கள். இழுத்தவுடன் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மாடு விழுந்தால் கழுத்து இறுகக் கூடாது.
4. தலையைச் சற்றே உயர்த்தி, மருத்துவர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். அதிகம் திருகினால் சிரை தட்டையாகிவிடும்.
5. ஊசி போடும் இடத்தில் சேறு, சாணம் இருந்தால் முன்பே கழுவித் துடைத்து வையுங்கள். அதன் மேல் ஸ்பிரிட் தடவி, அது காய்ந்த பிறகுதான் ஊசி. ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்த மாதிரியும் கெடும்.
6. ஊசியை எடுத்ததும் சுத்தமான பஞ்சால் ஒன்று இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தினால் போதும்.

ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை அடுத்த மாட்டுக்குப் போடக் கூடாது. ரத்தம் எடுக்கவும் சரி, மருந்து போடவும் சரி.

அனாபிளாஸ்மோசிஸ் உண்ணியால் மட்டும் பரவுவதில்லை. ஊசி நுனியில் ஒட்டியிருக்கும் ரத்தத்தாலேயே பரவும். காதில் வில்லை போடும் கருவியாலும் பரவும். டிரிப்பனோசோமியாசிஸ் எனப்படும் சர்ரா நோயும் அப்படித்தான். மாட்டு ஈ கடித்துப் பரப்பும் வேலையை ஊசியும் செய்துவிடும். வெளியில் நன்றாகத் தெரியும் மாடு கூட நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டால் ஊசிக்குள் இருக்கும் ரத்தம் போய்விடாது.

புது ஊசி வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஊசியின் விலை சில ரூபாய். மாட்டின் விலை உங்களுக்கே தெரியும். முகாமில் பத்து மாடு வரிசையில் நின்றாலும் கேளுங்கள்.

மூடியின் நிறம் எதைச் சொல்கிறது?

ரத்தம் எடுக்கும் சிறு குழாய்களின் மூடி பல நிறத்தில் இருக்கும். அழகுக்காக அல்ல.

* ஊதா மூடி: உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். ரத்த அணு எண்ணிக்கை, ஹீமோகுளோபின், ரத்த ஒட்டுண்ணி பார்க்க. எடுத்தவுடன் எட்டு பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. கோடு வரை நிரப்ப வேண்டும்.
* சிவப்பு மூடி: ரத்தம் உறைந்து, மேலே தெளிந்த மஞ்சள் நீர் பிரிவதற்கு. அதுதான் சீரம். கருச்சிதைவு நோய்க்கான எதிர்ப்புப் பொருள், சுண்ணாம்புச் சத்து போன்றவற்றைப் பார்க்க. எடுத்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசைக்காமல் நிழலில் சாய்த்து வைக்க வேண்டும்.
* சாம்பல் மூடி: ரத்தச் சர்க்கரை பார்க்க. கன்று ஈன்ற பின் பால் திடீரென்று குறையும் மாட்டுக்கு இது தேவைப்படலாம்.
* பச்சை மூடி: ஹெப்பரின் என்ற உறையாமைப் பொருள் உள்ளது. சில தனிப் பரிசோதனைகளுக்கு.

சீரம் தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். குலுக்கியது, வெயிலில் வைத்தது, ஈரமான சிரிஞ்சு, ஊசி வழியாக வேகமாகப் பீய்ச்சியது ஆகியவை அதற்குக் காரணம். அந்த மாதிரியில் பல பரிசோதனைகள் தவறாக வரும். மறுபடி மாட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லும்போது

உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்திலேயே சில பரிசோதனைகள் முடியும். மற்றவை கால்நடை பராமரிப்புத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாதவரம் ஆய்வகங்களுக்கோ, வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போகும். நம் மாவட்டத்துக்கு மாதவரம் பக்கம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. மருத்துவர் சீட்டு எழுதி மாதிரியை உங்கள் கையில் கொடுத்தால் இவற்றைக் கவனியுங்கள்.

* குழாயின் மேல் மாட்டின் காதில் உள்ள வில்லையின் 12 இலக்க எண், தேதி, நேரம் எழுதியிருக்க வேண்டும். இரண்டு மாட்டு ரத்தம் மாறிப்போனால் மருந்தும் மாறிப்போகும்.
* தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து எடுத்துப் போங்கள். குழாய் நேரடியாக ஐஸைத் தொடாமல் துணியில் சுற்றுங்கள். முழு ரத்தம் உறைபெட்டியில் கட்டியானால் கெட்டுவிடும்.
* பைக் பெட்டியில், வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்க வேண்டாம். கூடிய வரை அன்றே, அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.
* கிளம்பும் முன் ஆய்வகத்துக்குப் போன் செய்து, அன்று எடுத்துக்கொள்வார்களா, எந்தக் குழாய் வேண்டும் என்று மருத்துவர் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழிற்பேட்டை ஓரம் மேய்க்கும் மாடுகள்

கும்மிடிப்பூண்டி பகுதி விவசாயிகளுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. மேய்ச்சல் நிலம் சுருங்கியதால் பல மாடுகள் சாலையோரத்திலும், காலி மனைகளிலும், பழைய இரும்பு குவித்த இடங்களிலும் மேய்கின்றன. மாடு எதையும் நக்கிப் பார்க்கும். உலகம் முழுவதும் மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏற முக்கியக் காரணம் உடைந்த பழைய பேட்டரி. பழைய பெயிண்ட், பேட்டரி எரித்த சாம்பல் ஆகியவையும் உண்டு. நம் வீட்டு டிராக்டர் ஷெட்டில் கிடக்கும் பேட்டரியே போதும், கம்பெனி வரை போக வேண்டியதில்லை.

ஈயம் ஏறிய மாடு கண் தெரியாமல் முட்டிக்கொண்டு நடக்கும். சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும், பல்லை நறநறக்கும், தசை துடிக்கும், எச்சில் ஒழுகும். வெறிநோயும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். எனவே, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கை விடாதீர்கள். மருத்துவரை அழைத்து, மாடு எங்கே மேய்ந்தது என்பதைச் சொல்லுங்கள்.

ஈயம் பெரும்பாலும் சிவப்பணுவில்தான் ஒட்டியிருக்கும். எனவே இந்தப் பரிசோதனைக்குச் சீரம் உதவாது. உறையாத முழு ரத்தம் வேண்டும். சிவப்பு மூடியில் மட்டும் எடுத்துப் போனால் பயணம் வீண். ஈயம் பாலிலும் இறங்கும். சந்தேகம் இருந்தால் முடிவு வரும் வரை அந்த மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்

ஊசி குத்திவிட்டால்: பிடிப்பவர் கையில் ஊசி ஏறுவது உண்டு. காயத்தை அழுத்திப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மாட்டுக்கு என்ன நோய் சந்தேகம் என்பதைக் கேட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

கருச்சிதைவு நோய்: புருசெல்லோசிஸ் எனப்படும் இந்த நோய் மாட்டிலிருந்து மனிதருக்கு வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் வாட்டும். சினை கலைந்த மாட்டின் ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் அருகில் போகவே வேண்டாம். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரியுடன் இதுவும் சேர்ந்துள்ளது. பின்னாளில் ரத்தப் பரிசோதனை செய்யும்போது தடுப்பூசி போட்ட விவரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தடுப்பூசியால் வந்த எதிர்ப்பு சக்தியை நோய் என்று கொள்ள நேரிடலாம்.

அடைப்பான்: நன்றாக இருந்த மாடோ ஆடோ திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கறுப்பு ரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தேவையான சொட்டு ரத்தத்தை மருத்துவரே காதிலிருந்து எடுத்துக்கொள்வார். அவர் சொல்லும்படி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

பழைய ஊசிகள்: குப்பையிலோ சாணக் குழியிலோ போடாதீர்கள். எருவோடு வயலுக்குப் போய், நாற்று நடும் அம்மாவின் காலில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருந்தகத்தில் ஒப்படையுங்கள். ஊசிக்கு மறுபடி மூடி மாட்ட முயல வேண்டாம். கையில் குத்துவது பெரும்பாலும் அப்போதுதான்.

முடிவுச் சீட்டைப் படிக்க

ஹீமோகுளோபின் மாட்டுக்கு 8 முதல் 15 கிராம், வெள்ளாட்டுக்கு 8 முதல் 12 கிராம் வரை இருப்பது வழக்கம். பி.சி.வி. என்று எழுதியிருப்பது 100 பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்பது. மாட்டுக்கு 24 முதல் 46. இதற்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உண்ணியா, குடற்புழுவா, சத்துக்குறைவா என்று மருத்துவர் பார்ப்பார்.

ஆடுகளில் ரத்தசோகையை ஊசி இல்லாமலே ஓரளவு அறியலாம். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறி வெள்ளையாக இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் ஒரே நாளில் 50 மில்லி. மருத்துவர் எடுக்கும் 5 மில்லிக்குப் பயப்படுகிறோம். புழு தினமும் எடுப்பதைக் கவனிப்பதில்லை.

ஒரு சொட்டு ரத்தம் நாட்டுக்குச் செய்தது

பெரியவர்களைக் கேட்டால் வெக்கை நோய் பற்றிச் சொல்வார்கள். ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன நோய். அதற்கான தடுப்பூசியைத் தயாரித்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில் இருக்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். 1932-ல் தொடங்கியது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-ல், தமிழ்நாட்டில். நோய் கண்ணில் படவில்லை என்பதற்காக உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. நாடு முழுவதும் கிராமம் கிராமமாக மாடுகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2006-ல் இந்தியா வெக்கை நோய்த் தொற்று இல்லாத நாடு என அறிவிக்கப்பட்டது. 2011-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. இன்று உங்கள் மாட்டுக்கு அந்த நோய்க்கு ஊசி போட வேண்டியதில்லை என்றால், அன்று மாட்டைப் பிடித்துக் கொடுத்த விவசாயிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் பின் உங்கள் மாட்டில் ரத்தம் எடுக்க வந்தால், தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். மறுக்காதீர்கள்.

சுருக்கமாக

* காய்ச்சல் மாட்டுக்கு முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுக்கக் கேளுங்கள்.
* ரத்தம் எடுப்பது மருத்துவர், நன்றாகப் பிடிப்பது நீங்கள்.
* ஒரு மாட்டுக்கு ஒரு புது ஊசி.
* குலுக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், வில்லை எண் எழுத மறக்க வேண்டாம்.
* கறுப்பு ரத்தம் ஒழுகி இறந்த கால்நடையை அறுக்க வேண்டாம்.

மாட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. பேசும்போது மாட்டின் சூடு, நாடித் துடிப்பு, போட்ட மருந்து மூன்றையும் சொல்லுங்கள். கொட்டில் கம்பத்தில் ஒரு வெப்பமானியை இன்றே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு அது முதலில் உதவும்.